140 பெரிதா, 31 பெரிதா?

கேள்வி: எங்கள் மன்றத்தின் அறிவியல் விருதுக்கு இம்முறை நரம்பியல் ஆய்வாளர்கள் இருவர் விண்ணப்பித்துள்ளனர். ஒருவர் 140 கட்டுரைகள் வெளியிட்டவர், எச்-இண்டெக்ஸ் 38. மற்றவருக்கு 31 கட்டுரைகளே, எச்-இண்டெக்ஸ் 14. முன்னவருக்குக் கொடுப்பதுதானே முறை? செயலவையில் சிலர் முரண்டு பிடிக்கிறார்கள். – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முரண்டு பிடிப்பவர்கள் பக்கமே நான். இருவரும் எதை ஆராய்ந்தார்கள், வலிப்பு நோயையா, பக்கவாதத்தையா, மறதி நோயையா என்று உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அது தெரியாமலே தீர்ப்பை எழுதிவிட்டு, என்னிடம் முத்திரை மட்டும் கேட்கிறீர்கள்.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு. ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டுள்ளனவோ, அதுவே அவருடைய எண். ஒருவரின் ஏழு கட்டுரைகளைப் பிறர் முறையே 90, 40, 12, 5, 5, 3, 0 முறை மேற்கோள் காட்டியிருந்தால், குறைந்தது ஐந்து மேற்கோள் பெற்றவை ஐந்து என்பதால் அவருடைய எண் 5. ஒரே கட்டுரை எழுதி அது 2,000 முறை மேற்கோள் காட்டப்பட்டாலும் அவருக்குக் கிடைப்பது 1தான். நடுக்குவாதத்தைப் பற்றி 1817இல் ஆறே நோயாளிகளை வைத்து எழுதிய ஜேம்ஸ் பார்க்கின்சன், அந்த ஒன்றை மட்டும் இணைத்து உங்களிடம் விண்ணப்பித்திருந்தால் முதல் சுற்றிலேயே வெளியேறியிருப்பார். தவிர, இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஆகவே பணியில் மூத்தவருக்கு அது இயல்பாகவே கூடுதலாக இருக்கும். உலக நோய்ச்சுமை குறித்த கட்டுரைகளில் நூற்றுக்கணக்கானோர் பெயர் இடம்பெறுகிறது. அந்தப் பட்டியலின் நடுவில் நிற்பவருக்கும் மேற்கோள் முழுதாகவே சேர்கிறது.

மேற்கோள் என்றாலே பாராட்டு என்று நினைப்பதும் தவறு. மறதி நோய்க்குக் காரணமான புரதம் ஒன்றைக் கண்டதாக 2006இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட முறை மேற்கோள் காட்டப்பட்டது. படங்கள் திரிக்கப்பட்டிருந்தது தெரியவந்து 2024இல் அது திரும்பப் பெறப்பட்டது.

தாக்கம் என்றால் என்ன என்று நம் மலேசியாவிலேயே பார்க்கலாம். 1998-99இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணையாளர்கள் மூளை அழற்சியால் விழுந்தபோது, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பி, கொசுப் புகை அடிப்பதும் தடுப்பூசி போடுவதுமாக இருந்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அதே பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர்கள் 1999 பிப்ரவரி முதல் ஜூன் வரை பார்த்த 94 நோயாளிகளைப் பற்றி, மறு ஆண்டே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர்களில் 93 விழுக்காட்டினர் பன்றிகளுடன் நேரடித் தொடர்பில் இருந்தவர்கள். 30 பேர் இறந்தார்கள். உடலின் ஒரு பகுதி மட்டும் வெட்டி வெட்டி இழுப்பது, தசை தளர்வது, இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறுவது எனக் கட்டிலருகே நின்று குறித்த அடையாளங்கள் அதில் இருக்கின்றன. பின்னாளில் வங்காளதேசத்திலும் கேரளத்திலும் இதே நோய் தலைகாட்டியபோது, மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பதிவு தயாராக இருந்தது. எச்-இண்டெக்ஸில் இந்தக் கட்டுரைக்குக் கிடைப்பதும் ஒன்றே ஒன்றுதான்.

31 கட்டுரைக்காரர்தான் தகுதியானவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய 31இல் 30 வெறும் தாளாகவும் இருக்கலாம். இருவரிடமும் தலா மூன்று கட்டுரைகளை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் தம் பங்கு என்ன, நோயாளியைப் பார்த்தது யார், தரவைக் கணித்தது யார், எழுதியது யார் என்று ஒரு பக்கத்தில் எழுதித் தரட்டும். தம்மையே தாம் மேற்கோள் காட்டியவற்றைக் கழித்துக் கணக்குச் சொல்லட்டும். பிறகு விண்ணப்பதாரர் இருவரோடும் சேர்ந்து எழுதியிராத நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் அவற்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, நாளைத் தள்ள முடியாது என்பீர்கள். ஆறு கட்டுரைகளைப் படிக்க அவருக்கு ஒரு வாரம் போதும்.