ரேடியோஹெட் என்ற ஆங்கில ரொக் இசைக்குழுவின் 'ஜஸ்ட்' பாட்டு வீடியோவில், நடைபாதையில் படுத்துக் கிடக்கும் அந்த ஆள் கடைசியில் என்னதான் சொல்கிறார்? இதை எப்படி விளங்கிக்கொள்வது?

அதை வீடியோ சொல்லவில்லை. இயக்குநர் ஜேமி த்ரேவ்ஸிடம் எத்தனையோ பேர் கேட்டுப் பார்த்தார்கள், அவரும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு, அதாவது 'இதை எப்படி விளங்கிக்கொள்வது?' என்பதற்கு, என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. அது கொழும்பில் 100ஆம் இலக்க பஸ்ஸில் கிடைத்த பதில்.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். 1995இல் வந்த 'த பெண்ட்ஸ்' அல்பத்தின் பாட்டு. சூட் போட்ட நடுத்தர வயது ஆள் ஒருவர் லண்டன் நடைபாதையில் போய்ப் படுத்துவிடுகிறார். அவ்வழியே வந்த ஒருவர் அவர்மேல் தடுக்கி விழுகிறார். கூட்டம் சேர்கிறது, பொலிஸ்காரரும் வருகிறார். ஏன் படுத்திருக்கிறாய், குடித்திருக்கிறாயா, சாகப் பயமா என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருப்பதால் இந்தப் பேச்செல்லாம் நமக்கு சப்டைட்டிலில்தான் கிடைக்கிறது. சொல்ல மாட்டேன் என்று அடம்பிடித்தவர் முடிவில் இணங்குகிறார். வாய் அசைகிறது. சப்டைட்டில் இல்லை. அடுத்த காட்சியில் கேட்ட அத்தனை பேரும் நடைபாதையில் படுத்துக் கிடக்கிறார்கள்.



உதட்டசைவைப் படித்துக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்பவர்கள் நிறைய. நானும் வேகத்தைக் கால்வாசியாகக் குறைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியிருக்கிறேன். கடவுள் இல்லை என்கிறார், எல்லோரும் சாகத்தான் போகிறோம் என்கிறார் என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. எனக்கு அவை ருசிக்கவில்லை. அந்த வசனங்களை நீங்களும் நானும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம், ஒருவரும் தெருவில் படுக்கவில்லை. உனக்கு நீயே செய்துகொண்டதுதான் இது என்ற பொருளில் பல்லவி வருகிறதே, அதைத்தான் சொல்கிறார் என்பது கொஞ்சம் தேவலாம். அந்தக் கூட்டமும் கேட்டு வாங்கித்தானே விழுகிறது.

இப்போது பஸ். 2004இல் மட்டக்களப்பிலிருந்து வேலைக்காகக் கொழும்பு வந்து வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்தேன். சிங்களம் சுத்தமாகத் தெரியாது. கொண்டக்டர் நிமிடத்துக்கொரு தடவை கத்தும் 'இஸ்ஸரஹட்ட யன்ன' மட்டும் விளங்கும். முன்னுக்குப் போ என்று அர்த்தம், முன்னுக்கு இடமே இருக்காது. ஒருநாள் காலை கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பஸ் நின்றது. கொண்டக்டர் வாசலில் நின்று, கத்தாமல், நீளமாக ஒரு வசனம் சொன்னார். பஸ்ஸே அமைதியாகிவிட்டது. பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறங்கினார்கள். ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை, மிச்சக் காசு கேட்கவில்லை. அதுதான் வியப்பு. நானும் இறங்கினேன். பக்கத்தில் வந்த வயதான அம்மா என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். கையிருப்பில் இருந்த சிங்களம் முழுவதையும் போட்டு 'ஹா, ஹா' என்றேன். கோட்டை வரை அவர்களோடு நடந்தேன்.

இன்று சிங்களம் நன்றாகக் கதைப்பேன். அந்த வசனம் மட்டும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

பிறகொரு நாள் 'ஜஸ்ட்' பார்த்தபோது, அட, இது என் பஸ் அல்லவா என்றுதான் தோன்றியது. அந்த நான்கு நிமிடமும் சப்டைட்டில்தான் நமக்குக் காது. அதை நம்பிக் கூட்டத்தில் ஒருவராக நாமும் நின்று 'சொல்லு, சொல்லு' என்று நச்சரிக்கிறோம். சரியாக அந்த இடத்தில் காதைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். விளங்கியவர்கள் படுத்துவிட்டார்கள், நாம் மட்டும் நிற்கிறோம். என்னைப் பொறுத்தவரை வீடியோவின் கதை அதுதான், அந்த வசனம் அல்ல. அதை நாளைக்கே யாராவது வெளியிட்டாலும் எனக்கு உதவாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இசைக்குழு மேல்மாடி அறை ஒன்றில் வாசித்துக்கொண்டிருக்கிறது. முடிவில் அவர்களும் ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறார்கள். அவர்கள் படுக்கவில்லை. அவ்வளவு உயரத்துக்கு எதுவும் கேட்டிருக்காது. மொழி தெரியாத பயணிகள் அவர்களும்தான்.

சூட் போட்டவரைப் படுக்கவைத்ததும் சும்மா இல்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் சாரம் கட்டியவர் விழுந்து கிடந்தால் சுற்றிக்கொண்டு போவோம். டை கட்டியவர் படுத்தால்தான் கூட்டம் கூடும், காரணம் கேட்கும்.

இதையெல்லாம் அறை நண்பனுக்கு விளக்கினேன். அவன் யாழ்ப்பாணத்தான், பொறுமையாகக் கேட்டான், அந்த உதட்டசைவை மூன்று தரம் திருப்பிப் போட்டும் பார்த்தான்.

"மச்சான், அந்தாள் 'இஸ்ஸரஹட்ட யன்ன' எண்டுதான் சொல்லுது."

"அப்ப ஏன்டா எல்லாரும் படுத்தவங்கள்?"

"முன்னுக்கு இடமில்லையே."