கால்ல ஊசி குத்துதுன்னு டிபி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் பையனுக்கு 26 வயசு. டிபி வந்துச்சு, சளி டெஸ்ட்ல ரிஃபாம்பிசின்ங்கற முக்கியமான டிபி மருந்து கேக்காதுன்னு தெரிஞ்சு ஆறு மாசம் சாப்பிடற புது மாத்திரை குடுத்திருக்காங்க. ரெண்டரை மாசம் ஆச்சு, இருமல் நின்னுடுச்சு, நாலு கிலோ ஏறியிருக்கான். இப்ப ரெண்டு பாதத்துலயும் ஊசி குத்தற மாதிரி இருக்குங்கறான். மாத்திரை சூடு, நிறுத்திட்டு எதிர்ப்பு சக்தி பவுடர் குடுன்னு எங்க அண்ணன் சொல்றார். என்ன பண்றது டாக்டர்?

பதில்: அம்மா, நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க, அதே சமயம் அடுத்த செக்கப்புல சொல்லிக்கலாம்னும் விட்டுடாதீங்க, நாளைக்கு காலைலயே மாத்திரை குடுத்த இடத்துக்கு அவனைக் கூட்டிட்டுப் போங்க.

அந்தக் குத்தல் சூடு இல்லம்மா, பெரும்பாலும் அவன் சாப்பிடற மாத்திரைகள்ல ஒண்ணான லைனசோலிட் பண்ற வேலை. அது கிருமியை அடிக்கறப்பவே கால் நரம்பையும் தொடும். என்கிட்ட வந்த ஒரு தம்பி, கொத்தனார், பஸ் ஸ்டாண்டுல ஒரு கால் செருப்பு கழண்டு விழுந்தது கூட தெரியாம பாதி தெரு நடந்துட்டு வந்து சொன்னான், அந்த அளவுக்குப் போக விடக்கூடாது, முத்திப்போன நரம்பு திரும்ப வர்றது கஷ்டம். தென்னாப்பிரிக்காவுல இந்த மாத்திரைகளை முதல்ல 109 பேருக்குக் குடுத்துப் பாத்தப்ப, வேற எதுக்கும் கேக்காத டிபி, 100ல 90 பேர் தேறினாங்க, ஆனா 100ல 81 பேருக்கு நரம்புத் தொந்தரவு. அப்ப லைனசோலிட் தினம் 1200 மில்லிகிராம். அடுத்த ஆய்வுல 600ஆ குறைச்சாங்க, நரம்புத் தொந்தரவு 100ல 24 பேருக்குன்னு ஆயிடுச்சு, குணமாகறது குறையவே இல்ல. அதனால உங்க பையனுக்கும் டோஸ் குறைக்கவோ கொஞ்ச நாள் அந்த ஒண்ணை மட்டும் நிறுத்தவோ டாக்டருக்கு வழி இருக்கு. கண்ணு மங்குதா, சிவப்பு பச்சை கலர் வெளுத்துத் தெரியுதான்னும் அவன்கிட்ட கேளுங்க, இருந்தா அன்னைக்கே போகணும்.

நீங்களா நிறுத்தினா என்ன ஆகும்னு சொல்றேன், இதை உங்க அண்ணனுக்கும் படிச்சுக் காட்டுங்க. இந்தக் கூட்டுல பெடாகுயிலின்னு ஒண்ணு இருக்கு, 2012ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சப்ப 40 வருஷத்துக்கு மேல கழிச்சு டிபிக்கு வந்த புது வகை மருந்து அது. கிருமி மூச்சு விட, சாப்பிட, எல்லாத்துக்கும் தேவையான சக்தியை உண்டாக்கற இடத்தையே அடைச்சிடும். ஆனா உடம்பை விட்டு லேசுல போகாது, மாத்திரையை நிறுத்தின பிறகும் மாசக்கணக்குல கொஞ்சங்கொஞ்சமா தங்கியிருக்கும். மத்ததெல்லாம் சீக்கிரம் வெளிய போயிடும், இது மட்டும் தனியா மெலிஞ்சு நிக்கும், கிருமி இதையும் தாங்கிப் பழகிக்கும். அப்புறம் இந்த மருந்தும் போச்சு.

எதிர்ப்பு சக்தி வேண்டாம்னு நான் சொல்லல. நுரையீரல்ல இருக்கற எதிர்ப்பு செல்லு டிபி கிருமியை முழுங்கிடும், ஆனா மெழுகு மாதிரி தோல் போத்தின கிருமி அது, உள்ள போயும் செரிக்காம உக்காந்துக்கும், அதனால உடம்பு சுத்திலும் செல்லுகளை அடுக்கி சுவர் கட்டி அடைச்சு வைக்கும். நம்மள்ல எத்தனையோ பேர் இப்படி அடைச்சு வெச்சபடியே நோய் வராம வாழறோம். உங்க பையனுக்கு அந்த சுவர் உடைஞ்சுதான் நோய் வந்துச்சு. இருமல் நின்னதுன்னா வேகமா பெருகற கிருமி செத்துடுச்சுன்னு அர்த்தம், மெதுவா தூங்கற கிருமி இன்னும் உள்ள இருக்கு, பாக்கி மூணரை மாசம் அதுக்குத்தான்.

பவுடர் காசுக்கு முட்டை, பருப்பு, கடலை வாங்கிப் போடுங்க. ஜார்க்கண்ட்ல டிபி நோயாளி வீட்டு ஆளுங்களுக்கு மாசாமாசம் அரிசி பருப்பு குடுத்துப் பாத்தாங்க, அந்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுது. சுகர் பாக்கலைன்னா அதையும் பாத்துடுங்க, சுகர் ஏறினா எதிர்ப்பு சக்தி தானா இறங்கிடும்.

முன்னாடியெல்லாம் இதே டிபிக்கு ஒன்றரை, ரெண்டு வருஷம் மருந்து, அதுல பல மாசம் தினம் ஊசி. காது போன பசங்களை நான் பாத்திருக்கேன், ஒரு பொண்ணு நான் பேசறப்ப என் உதட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பா. இந்த ஆறு மாச மாத்திரைக்கு நம்ம நாட்டுல 2024லதான் அனுமதி கிடைச்சுது. உங்க பையனுக்குக் கிடைச்சிருக்கு, தயவுசெஞ்சு பாதியில விட்டுடாதீங்கம்மா.

நாளைக்குப் போறப்ப காலி மாத்திரை அட்டைங்களை எடுத்துட்டுப் போங்க, பவுடர் ஏற்கெனவே குடுத்திருந்தா அந்த டப்பாவையும். மனசு சரியில்லைன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறானான்னு மறைக்காம சொல்லச் சொல்லுங்க, லைனசோலிட்டோட சேந்தா அது ஆபத்து. உங்களுக்கோ வீட்ல யாருக்காவதோ ரெண்டு வாரமா இருமல் இருந்தா அதே நடையில சளி குடுத்துட்டு வந்துடுங்க.