சீட்டில் எழுதியது தலைவலி

வணக்கம் ஐயா,

ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஆஸ்பத்திரி இன்னும் முழுதாக எட்டவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று வருடமாக மருத்துவராக இருக்கிறேன். படித்ததும் வருத்தமாக இருந்தது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது பேரைப் பார்க்கிறேன். யாரிடமும் சாதி கேட்டதில்லை. மாத்திரை இலவசம், பிரசவம் இலவசம், கூப்பிட்டால் 108 வருகிறது, பெரிய ஆபரேஷன் என்றால் முதல்வர் காப்பீடு இருக்கிறது. இதற்கு மேல் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள டாக்டர்,

கோபத்தில் கேட்டிருந்தாலும் தப்பில்லை. நூற்றைம்பது பேரைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவருக்கு என் கட்டுரை எரிச்சலூட்டத்தான் செய்யும். நீங்கள் சொன்ன வசதி எதையும் நான் மறுக்கவில்லை. தஞ்சாவூருக்கு ஐம்பதுகளின் கடைசியிலேயே வந்த மருத்துவக் கல்லூரி திருவாரூருக்கு 2010இல் வந்தது, நாகப்பட்டினத்துக்கு 2022இல் வந்தது. தாமதம்தான், ஆனாலும் வந்துவிட்டது. கட்டடத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பதினாலு வயதில் வயலில் இறங்கியவர். ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு மாதம்கூட வீட்டில் இருந்ததில்லை, நாற்றுமுடி தூக்கப் போய்விடுவார். நாற்பத்தைந்து வயது வாக்கில் அடி இறங்கிவிட்டது. கருப்பை இறக்கம் என்று நீங்கள் எழுதுவீர்கள், எங்கள் தெருவில் பெண்கள் ‘அடி எறங்குது’ என்பார்கள், அதுவும் ஒருவர் காதில் ஒருவர். பழைய நூல்புடவையைக் கிழித்து இறுக்கிக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போவார். கை நடவு பார்த்திருப்பீர்கள். சேற்றில் முழங்கால் புதையக் குனிந்து, பின்னால் நகர்ந்துகொண்டே நடும் வேலை. கரையேறியதும் தனியாகப் போய் வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார். உடம்புச் சூடு தணியத்தான் என்று நினைத்திருந்தோம். துணியை அலசிக் கட்டத்தான் என்பது பிறகு தெரிந்தது. பதினோரு வருடம் இப்படி.

ஆஸ்பத்திரிக்குப் போகவே இல்லையா என்றால், போனார். அவருடைய சாமான் பெட்டியில் பழைய ஓ.பி. சீட்டு ஒன்று கிடந்தது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. அன்று சீட்டு எழுதிய பையன் குடியானத் தெருவைச் சேர்ந்தவன். அவன் அப்பா வயலில்தான் பெரியம்மா வருடா வருடம் நட்டார். வரிசையில் பின்னால் இருபது பேர், பாதிப் பேர் ஆண்கள். “உனக்கு என்ன பண்ணுது?” என்று கேட்டிருக்கிறான். அவரைவிட முப்பது வயது சின்னவன். “தலவலிங்க தம்பி” என்றிருக்கிறார். சீட்டில் தலைவலி. மாத்திரையும் தலைவலிக்கு. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், வந்தார், பார்க்கப்பட்டார், மருந்து பெற்றார்.

நீங்கள் சாதி கேட்பதில்லை என்பதை அப்படியே நம்புகிறேன். ஆனால் கேட்கத் தேவையே இல்லாத ஊர் இது. தெருப் பெயரைச் சொன்னாலே போதும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. சொல் போனாலும், முகத்தைப் பார்த்து தெருவைச் சொல்லிவிடும் ஆள்தான் சீட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம், நேரம். உங்கள் ஓ.பி. காலையில். நடவும் காலையில். விடிந்ததும் கூட்டம் கிளம்பிவிடும். ஒரு நாள் நின்றால் அன்றைய கூலி மட்டும் போகாது, மறுநாள் கூட்டத்தில் அந்த இடத்தில் வேறொரு பெண் நிற்பார். இப்போது பல வயல்களில் மெஷின் நடவு வந்துவிட்டதால் பெண்களுக்குக் கிடைக்கும் நாட்களே குறைவு. கிடைத்த நாளை விட்டுவிட்டு யார் ஆஸ்பத்திரிக்கு வருவார்கள்? இதை நான் சொல்வதைவிட உங்கள் துறையே ஒப்புக்கொண்டிருக்கிறது. பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை எப்போதோ இலவசம்தான். வாங்க வருவதற்கே ஒரு நாள் கூலி செலவாகிறது என்பதால்தானே 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று மாத்திரையை வீட்டுக்கே எடுத்துப் போக ஆரம்பித்தார்கள்? அந்தத் திட்டத்தில் ஆயிரம் குறை சொல்லலாம், ஆனால் திசை சரியான திசை. அடி இறங்கியதற்கு மட்டும் தேடி வர ஆளில்லை.

இந்தப் பெண்களுக்குத் தனி வரிசை போடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். வேண்டவே வேண்டாம். அதைவிட மோசமான யோசனை கிடையாது. சீட்டு எழுதும் இடத்தில் பெயரும் வயதும் போதும், என்ன செய்கிறது என்பதை உள்ளே, கதவுக்குப் பின்னால், நர்ஸ் கேட்கட்டும். இதற்கு அரசாணை வர வேண்டியதில்லை, நாளைக் காலை நீங்களே செய்யலாம். நடவு மாதங்களில் வாரம் ஒரு நாளாவது சாயங்காலம் பாருங்கள். அதற்கு மேலிடத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், தெரியும்.

திருநங்கைகள் பற்றி இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். ஆஸ்பத்திரிகளில் அவர்களுக்கு முறையான சிகிச்சை கிடைக்க வழி செய்யுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2014 தீர்ப்பிலேயே சொல்லிவிட்டது. எந்த வார்டில் படுக்க வைப்பது என்று வராந்தாவில் நிறுத்தி வைத்துப் பேசுவது இன்னும் நடக்கிறது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பெரியம்மாவுக்குக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. அதற்கு டாக்டர் யாரும் காரணமில்லை. புதிதாக வந்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர், இருபத்தாறு வயதுப் பெண், டீ வரும் நேரத்தில் வரப்பில் வந்து பெண்களோடு உட்கார்ந்தார். பிரஷர் பார்க்கும் கருவியை எடுத்தார். அதை யாருக்கும் கட்டாமல், “எங்க அம்மாவுக்கு அடி எறங்கிருச்சு, ரொம்ப நாள் சொல்லவே இல்ல” என்று சும்மா பேச்சுவாக்கில் சொன்னார். அது நிஜமா, அந்த நேரத்துக்குச் சொன்னதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த வரப்பில் மட்டும் நாலு பேர் வாய் திறந்தார்கள். இரண்டு பேருக்குக் கருப்பையைத் தாங்கும் வளையம் உள்ளே வைத்தே சரியானது, ஒருவருக்கு உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பெரியம்மாவுக்குத்தான் முற்றிப் போயிருந்தது.

எங்கள் பக்கம் சம்பா நடவு புரட்டாசியில் தொடங்கும். வருவதாக இருந்தால் பதினொரு மணிக்கு வாருங்கள், டீ வரும் நேரம் அது. உங்கள் நர்சம்மாவையும் கூட்டி வாருங்கள். முதலில் அவர் பேசட்டும், நீங்கள் கொஞ்சம் தள்ளி வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருங்கள்.