கூத்துப் பெட்டியோடு பாரிஸுக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கல்லூரித் தெருக்கூத்துக் குழுவுக்கு ஜனவரியில் பாரிஸில் ஒரு மாணவர் நாடக விழாவில் ஆட அழைப்பு வந்திருக்கிறது. சம்பளம் கிடையாது. சுற்றுலா என்று விசா எடுத்தால் சுலபம் என்கிறார்களே?
– பொறுப்பாசிரியர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். சுற்றுலா என்று எழுதிக் கொடுத்துவிட்டு கிரீடமும் மத்தளமுமாகப் போய் இறங்கினால், குடியேற்ற அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசா படிவத்தில் கலாசார நோக்கம் என்றே தனிக் கட்டம் உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கலை நிகழ்ச்சிக்கு பிரான்சில் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைந்தால் ஏற்க மாட்டார்கள். ஆளுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். பாஸ்போர்ட், ஊர் திரும்ப பிரான்சை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். முதலாண்டுப் பிள்ளைகளிடம் இதைக் கட்டாயம் பாருங்கள். சிறுவயதில் எடுத்த பாஸ்போர்ட் ஐந்து வருடம் அல்லது 18 வயது, இதில் எது முந்துகிறதோ அதோடு முடிந்துவிடும். 18 நிறையாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதமும் தேவை.

நம் ஊர்க் குழுக்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில்தான். கல்லூரி அடையாள அட்டையில் இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். அழைப்புக் கடிதம், டிக்கெட், காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கட்டும். பாஸ்போர்ட் நகல்களைச் சேகரித்த பிறகே விழாக்காரர்களுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்புங்கள்.

கேள்வி: வேஷப் பொருள்களில் எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது?
– மாணவி, வில்லியனூர், புதுச்சேரி

பதில்: கிரீடத்தில் மயில் இறகு செருகியிருந்தால் இங்கேயே கழற்றி வையுங்கள். மயில் இறகை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. சென்னை விமான நிலையத்திலேயே நின்றுவிடும். முனிவர் வேஷத்துக்கு மான்தோலும் கூடாது. அச்சடித்த துணி போதும்.

கற்பூரம் தீப்பற்றும் பொருள் என்பதால் எந்தப் பையிலும் ஏறாது. மீசை ஒட்டும் ஸ்பிரிட் பசையும் அப்படித்தான், தண்ணீர் கலந்த பசை வாங்குங்கள். கத்தி, கதாயுதம் எல்லாம், மரமே ஆனாலும், செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும். அரிதாரப் பொடிகளைப் பேப்பரில் மடித்து எடுத்துப் போகாதீர்கள். பெயர் தெரியாத வெள்ளைப் பொடியையும் சிவப்புப் பொடியையும் பார்த்தால் எந்த அதிகாரியும் நிறுத்துவார். மூடி போட்ட டப்பாவில் அடைத்து ஆங்கிலத்தில் பெயர் ஒட்டி, செக்-இன்னில் வையுங்கள்.

கேள்வி: மத்தளம் அந்தக் குளிரைத் தாங்குமா?
– மத்தளக்காரர், நெல்லிக்குப்பம்

பதில்: குளிரை விட ஹீட்டர்தான் எதிரி. கடலோர ஈரக்காற்றில் பழகிய தோல், ஜனவரியில் சூடேற்றிய அறைக்குள் போனதும் காய்ந்து இறுகும். சுருதி ஏறும், ஆர்மோனியத்தோடு சேராது. அந்த நிலையில் பலமாக அடித்தால் ஓரத்தில் கிழியும். தங்குமிடத்தில் ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள். பெட்டிக்குள் துளையிட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சு இருக்கட்டும், அது தோலில் படக் கூடாது. ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே மேடைக்குக் கொண்டுபோய், விளக்குகளைப் போட்ட பிறகு சுருதி சேருங்கள். மாற்று மத்தளம் ஒன்று அவசியம். முகவீணையின் வாயில் செருகி ஊதும் சீவாளியும் காய்ந்து வெடிக்கும், ஆறேழு கையில் இருக்கட்டும்.

பெட்டியை பிளைவுட்டில் செய்யச் சொல்லுங்கள். கார்கோவில் அனுப்பும் கட்டைப் பலகைப் பெட்டிக்கு, 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிய முத்திரை கேட்பார்கள். கூடவே கொண்டுபோவதானால் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. இசைக்கருவிகளைப் பிரான்ஸ் சுங்கத்தில் வாய்மொழியாகச் சொன்னால் போதும். ஆனால் கிளம்பும்போதே நம் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிட்டால், திரும்பி வரும்போது தகராறு இருக்காது.

கேள்வி: கூத்துத் திரையை இங்கேயே புதிதாகத் தைக்கலாமா?
– மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தைப்பதற்கு முன் அரங்கத்தாரிடம் கேளுங்கள். பிரான்சில் மேடைத் துணிக்கும் பலகைக்கும் தீத்தடுப்புத் தரம் உண்டு. பெரும்பாலும் 'எம்1' சான்று கேட்பார்கள். நம் காடாத் துணிக்கு அது இருக்காது. அங்கேயே சான்றுள்ள துணியை இரவல் கேட்பது நல்லது. தீபாராதனைக்கும் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி வேண்டும், இல்லையென்றால் பேட்டரி விளக்குதான்.

கேள்வி: தமிழ் தெரியாதவர்களுக்கு வசனம் எப்படிப் புரியும்?
– கட்டியங்காரன் வேஷம் கட்டும் மாணவர், பண்ருட்டி

பதில்: மொழிபெயர்த்த வசனம் தெரிய, மேடைக்கு மேலே எழுத்துத் திரை வைப்பார்கள். விடிய விடிய ஆடும் கூத்தை முதலில் 75 நிமிடமாகச் சுருக்கி, வசனத்தை எழுதி முடித்து, அதன் பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். ஒரு அட்டையில், அதாவது திரையில் ஒரு தடவை தெரியும் எழுத்தில், இரண்டு வரி, வரிக்கு 40 எழுத்துக்குள். பின்பாட்டு திரும்பத் திரும்ப வரும் இடத்தில் ஒரு முறை காட்டிவிட்டுத் திரையை வெறுமையாக விடுங்கள். இல்லாவிட்டால் பார்ப்பவர் கண் ஆட்டத்துக்கே திரும்பாது.

சிக்கல் உங்கள் பாத்திரத்தில்தான். நினைத்த இடத்தில் கட்டியங்காரன் சொந்தமாகப் பேசுவதுதான் கூத்தின் உயிர், அதை வெட்டிவிடாதீர்கள். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு, 'ராஜாவைக் கேலி செய்கிறான்' என்பது போன்ற பொது அட்டை ஒன்று போடுங்கள். முடிக்கும்போது ஒரு நிரந்தரச் சொல் வையுங்கள். அதைக் கேட்டதும் அடுத்த அட்டைக்குப் போகலாம். சிரிப்பு வசனத்துக்குத் தனி அட்டை வேண்டும். முன்னதாகவே தெரிந்துவிட்டால் நீங்கள் பேசுவதற்குள் சபை சிரித்து முடித்துவிடும். அட்டையை மாற்றும் பொத்தானைத் தட்டுபவர் தமிழ் தெரிந்தவராக, எல்லா ஒத்திகையிலும் இருந்தவராக இருக்க வேண்டும்.

கேள்வி: மின்சாரம், சாமான்கள்?
– மாணவி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: மின்சாரம் இங்குள்ள 230 வோல்ட்தான். செல்போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முள் பிளக் அப்படியே பொருந்தும். தடித்த மூன்று முள்ளுக்கு அடாப்டர் வேண்டும். பவர் பேங்க்கும் மைக்கின் உபரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில் மட்டுமே, ஒவ்வொன்றும் 100 வாட்-ஹவருக்குள். 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வரும். தேங்காய் எண்ணெய், கற்பூரம், பூமாலை எல்லாம் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே லா ஷாப்பெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். வேஷம் கலைக்கும் எண்ணெயை அங்கேயே வாங்கிக்கொண்டால், துணிப்பெட்டிக்குள் பாட்டில் உடையும் பயம் இல்லை.