லீவ் லெட்டரில் இருப்பது எந்த லீவ்?

கேள்வி: ஆறாவது படிக்கும் என் மகன் காய்ச்சலுக்கு லீவ் லெட்டர் எழுதிக்கொண்டே, "லீவ்னா கிளம்புறதுன்னு மிஸ் சொன்னாங்க, நான் வீட்லயே படுத்திருக்கேன், எங்க கிளம்புறேன்?" என்று கேட்கிறான். என்ன பதில் சொல்வது? – வாசகி, மன்னார்குடி

பதில்: பையன் சரியான இடத்தில் பிடித்துவிட்டான். மிஸ் சொன்னதும் தப்பில்லை. அவர் சொன்ன லீவ் வேறு, இவன் எழுதும் லீவ் வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இவை தனித்தனி வார்த்தைகள், காலப்போக்கில் எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாகிவிட்டன.

லெட்டரில் வரும் லீவுக்கு மூலப்பொருள் அனுமதி. 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்று தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்து எழுதுகிறோமே, அதில் நாம் கேட்பது லீவு நாளை அல்ல, வராமல் இருக்க அனுமதியை. முழுசாகச் சொன்னால் 'லீவ் ஆஃப் ஆப்சென்ஸ்'. நாளடைவில் அனுமதி என்ற அர்த்தம் மங்கி, அனுமதி கிடைத்த நாளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் மொழியில் விடுமுறையைக் குறிக்கும் 'உர்லவுப்', அனுமதிப்பதைக் குறிக்கும் 'எர்லவுபன்' இரண்டும் இதே குடும்பம். வெள்ளைக்கார அதிகாரிகள் இங்கிருந்து கப்பலேறி ஊருக்குப் போக எடுத்த நீண்ட லீவுக்கு 'ஃபர்லோ' என்று பெயர், அதுவும் டச்சு மொழி வழியாக வந்த ஒன்றுவிட்ட தம்பிதான்.

அந்தக் கணக்கில் பார்த்தால் ஐப்பசி கார்த்திகை மழையில் கலெக்டர் விடுகிறாரே, அது லீவே கிடையாது, யாரும் கேட்காமல் கிடைப்பது. திருவாரூர்த் தேருக்கு விடும் உள்ளூர் விடுமுறையும் அப்படித்தான். (இதைப் பையனிடம் சொல்லி 'மழை லீவு' என்ற அழகான வார்த்தையைக் கெடுத்துவிடாதீர்கள்.)

கிளம்புகிற லீவுக்கு முதலில் கிளம்புவது என்ற அர்த்தமே இல்லை, விட்டுவைப்பது, மிச்சம் வைப்பது என்றுதான் அர்த்தம். 'ஹவ் மெனி ஆர் லெஃப்ட்' என்று கேட்கும்போது பழைய பொருள் இன்னும் எட்டிப் பார்க்கிறது. ஊரை, வீட்டை, ஆட்களை விட்டுவிட்டுப் போவதைச் சொல்லப் போய், கடைசியில் போவதற்கே அது பெயராகிவிட்டது. மிச்சம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது: இலெவன் என்றால் பத்துப் போக ஒன்று மிச்சம், ட்வெல்வ் என்றால் பத்துப் போக இரண்டு மிச்சம். தர்ட்டீனிலிருந்து அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். மரத்து 'லீஃப்' இவற்றோடு சேர்த்தியில்லை, அது தனி.

விடைபெறுவதற்கு 'டேக் லீவ்' என்பார்கள். அதில் இருப்பதும் அனுமதி லீவ்தான். நம் 'விடை'யும் அதே வேலையைச் செய்கிறது. தேரழுந்தூர்க் கம்பனின் யுத்த காண்டம் விடை கொடுத்த படலத்தோடு முடிகிறது. தலைப்பைப் பார்த்துவிட்டு எந்தக் கேள்விக்கு விடை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தேடுவார்கள். பட்டாபிஷேகம் ஆனபின் சுக்ரீவன், வீடணன் எல்லாருக்கும் பரிசு கொடுத்து, போய் வாருங்கள் என்று இராமன் அனுப்பிவைக்கிற இடம் அது. சீர்காழிச் சம்பந்தர் 'விடையேறி' என்று பாடினாரே, அது காளை, அதை இதில் சேர்க்கக் கூடாது.

சொல்லாமல் கொள்ளாமல் நழுவினால் ஆங்கிலத்தில் 'ஃப்ரெஞ்ச் லீவ்'. பிரெஞ்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா, அதையே 'ஆங்கிலேயன் பாணியில் நழுவுவது' என்று அவர்கள் மொழியில் வைத்திருக்கிறார்கள். நம் காரைக்காலைப் பொறுத்தவரை அவர்கள் மேல் பழி போட முடியாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு 1954 நவம்பர் 1-ல் ஒப்படைத்துவிட்டு முறையாகத்தான் போனார்கள். அப்புறம், துக்க வீட்டில் நமக்கு அதுதான் மரியாதை. பந்தலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்து வந்துவிட வேண்டும்.

கேள்வி: கல்லூரியில் நடத்தும் ஃபேர்வெல்லுக்கும் பஸ் ஃபேருக்கும் சம்பந்தம் உண்டா? – வாசகர், கும்பகோணம்

பதில்: உண்டு. பழைய ஆங்கிலத்தில் 'ஃபாரன்' என்றால் பயணம் போவது. ஃபேர்வெல் என்றால் நல்லபடியாகப் போய் வா என்று பொருள், முதலில் அது இருப்பவர் போகிறவருக்குச் சொன்ன வார்த்தை. பயணத்துக்கு ஆகும் காசும் ஃபேர் ஆனது. முட்டுச் சந்துகளில் 'நோ தரோஃபேர்' என்று போர்டு வைப்பார்களே, அதிலும் இதே ஃபேர்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு ஃபேர் கிடையாது, ஃபேர்வெல் மட்டும்தான்.