பறவைக்குக் கஞ்சாவா? பதறிப்போன ஓர் அப்பாவுக்கு

வணக்கம் ஐயா. "என் மகள் நீட் வேண்டாம், பறவைக்குக் கஞ்சா கொடுத்துப் பார்க்கும் ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். தூக்கமே வரவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். பிள்ளை வாயில் அந்தச் சொல் வந்தால் யாருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். வேலை, சம்பளமெல்லாம் அப்புறம் பேசுவோம். அவள் எதைப் படித்துவிட்டு இப்படிக் கேட்கிறாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பறவை விற்கும் கடைகளில் ஆரஞ்சு அலகும் கன்னத்தில் செம்பழுப்புத் திட்டுமாகச் சின்னக் குருவிகளைப் பார்த்திருப்பீர்கள். ஜீப்ரா பிஞ்ச், ஆஸ்திரேலியப் பறவை. ஆண் மட்டும்தான் பாடும். பாட்டு பிறவியிலேயே வந்துவிடாது. குஞ்சு முதலில் அப்பா பாடுவதைக் கேட்டு மனதில் வாங்கிக்கொள்ளும். பிறகு நம் குழந்தைகள் மழலை பேசுவதுபோல் உளறி உளறித் தன்னைத் திருத்திக்கொள்ளும். சுமார் 90 நாளில் பாட்டு படிந்துவிடும். அதற்குமேல் ஆயுளுக்கும் அதே பாட்டுதான்.

கென் சோடர்ஸ்ட்ராம், ஃபிராங்க் ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள், கஞ்சாவைப் போலவே மூளையில் வேலை செய்யும் ஒரு செயற்கை மருந்தை, பாடிப் பழகும் வயதுக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் முடிவு வெளிவந்தது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்தபோது பாட்டில் சுர வகைகள் குறைந்திருந்தன, ஒருமுறை பாடியதுபோல் மறுமுறை பாட வரவில்லை. அதே மருந்தை வளர்ந்த பறவைக்குக் கொடுத்தபோது பாட்டில் அப்படி நிலையான பாதிப்பு எதுவும் இல்லை.

நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கத்தில் ஓரமாக, பென்சிலில், "பெரிய பறவைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?" என்று எழுதியிருக்கிறாள். நான் அங்கேயே நின்றுவிட்டேன் ஐயா. இந்த ஆராய்ச்சியின் மையக் கேள்வியே அதுதான். கஞ்சாவைப் போல வேலை செய்யும் பொருட்களை மூளை தானாகவும் சுரக்கிறது. 1992-இல் அதில் ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் நம் 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். அதை ஏற்கும் சிபி-1 என்ற ஏற்பிகள், பாட்டுக் கற்கும் மூளைப் பகுதிகளில் நிறைய உண்டு. நரம்பு இணைப்புகள் அமைந்துகொண்டிருக்கும் வயதில் வெளியிலிருந்து மருந்து புகுந்தால் அந்த வேலை கலைகிறது. பறவை வேறு, மனிதன் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் பதினாறு வயதுப் பையன்கள் கஞ்சாவைத் தொடும் காலத்தில் இது வீண் ஆராய்ச்சி இல்லை.

ஆய்வகத்தில் அவள் கெட்டுப்போவாளோ என்ற பயம் வேண்டாம். இந்தியாவில் கஞ்சாப் பொருட்கள் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன, அனுமதி இல்லாமல் எந்த ஆய்வகமும் வைத்திருக்க முடியாது.

படிப்புக்கு வருவோம். ஐசர் எனப்படும் மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் திருப்பதியும் திருவனந்தபுரமும். பறவைப் பாட்டையே ஆராயும் ராகவ் ராஜன் குழு புனே ஐசரில் இருக்கிறது. ஹரியானாவின் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையமும் உண்டு. ஐசருக்கு ஐ.ஏ.டி. என்ற நுழைவுத்தேர்வு. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கிலும் கேள்வி வரும். அவள் பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் கவலையில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். இது நீண்ட பாதை. பிஎச்.டி.யும் சேர்த்தால் பத்து வருடத்துக்கு மேல் ஆகும், நிரந்தரப் பேராசிரியர் வேலை சுலபத்தில் கிடைக்காது. ஆனால் பிஎச்.டி. காலத்தில் நீங்கள் பணம் அனுப்ப வேண்டியிருக்காது. ஜே.ஆர்.எப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மருந்து நிறுவனங்களிலும் தரவுப் பகுப்பாய்விலும் இதே படிப்புக்கு வேலை உண்டு.

நீட்டும் எழுதட்டும், அதில் தப்பில்லை, உயிரியலும் வேதியியலும் இரண்டுக்கும் உதவும். ஆனால் "நீட் ரிசல்ட் வரட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதற்குள் ஐ.ஏ.டி. விண்ணப்பத் தேதி போய்விடும். இந்த வாரமே அவளை உட்காரவைத்து இருவரும் சேர்ந்து ஐசர் இணையதளத்தைப் பாருங்கள்.