இந்தியன் பனோரமாவும் தமிழ் சப்டைட்டிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவா திரைப்பட விழாவுக்கு என் தந்தையை அழைத்துச் சென்றிருந்தேன். இந்தியன் பனோரமா பிரிவில் எந்த மொழிப் படமானாலும் கீழே ஆங்கில வரிகள் மட்டுமே ஓடின. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அவர், இரண்டாவது படத்தின் பாதியிலேயே எழுந்துவிட்டார். அப்படங்கள் பிறகு எங்கள் ஊருக்கு வரவும் இல்லை. தெலுங்கு, கன்னடப் பெரும்படங்கள் தமிழ் பேசி ஓடும்போது, இவற்றையும் டப்பிங் செய்து ஊர் ஊராகக் காட்டினால் என்ன?

வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் தந்தைக்கு நேர்ந்தது என்னை வருத்துகிறது. நீங்கள் சொல்லும் குறை முற்றிலும் நியாயமானது. கேட்கும் தீர்வில்தான் எனக்கு உடன்பாடில்லை.

1978இல் தொடங்கப்பட்ட இந்தியன் பனோரமா, நம் நாட்டின் பல மொழிப் படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரே இடத்தில் காட்டுகிறது. அண்மை ஆண்டுகளில் 25 கதைப்படங்களும் 20 கதைசாராப் படங்களும் அதில் இடம்பெறுகின்றன. கோவாவுக்குப் போக முடியாதவர்களுக்கு அவற்றில் பலவும் கண்ணில் படுவதே இல்லை. எண்பதுகளில் தூர்தர்ஷன் ஞாயிறு பிற்பகல்களில் விருதுபெற்ற மாநில மொழிப் படங்களை நாடு முழுவதற்கும் ஒளிபரப்பியது; வங்காள, கன்னட, ஒரிய இயக்குநர்களின் பெயர்கள் நம் சிற்றூர்களை எட்டியதில் அதற்குப் பெரும் பங்குண்டு. அங்கும் ஆங்கில வரிகள்தாம். வீட்டில் படித்தவர் ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டியிருந்தது.

டப்பிங் ஏன் வேண்டாம் என்கிறேன்? மலையாள இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' (1981) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தறவாட்டின் (கேரளப் பரம்பரைக் குடும்ப வீட்டின்) தலைவனான உண்ணி, தோப்பில் புகுந்த மாட்டை விரட்டக்கூடத் தான் எழாமல் தங்கை ராஜம்மாவைக் கூப்பிடுகிறான். கல்யாணத்துக்குப் புறப்பட்டவன், வழியில் கொஞ்சம் நீர் தேங்கி நிற்பதைக் கண்டு வீட்டுக்கே திரும்பிவிடுகிறான். அவன் இழுத்து இழுத்துக் கூப்பிடும் அந்தப் பெயரில் சோம்பல், அதிகாரம், அச்சம் மூன்றும் கலந்திருக்கின்றன. நிலவுடைமைக் குடும்பமொன்றின் வீழ்ச்சியை அந்தக் குரலே சொல்லிவிடுகிறது. அதை ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறொருவர் தமிழில் பேசிவிட்டால் கதை மிஞ்சும், உண்ணி போய்விடுவான். கன்னட இயக்குநர் கிரீஷ் காசரவள்ளியின் 'கடஸ்ராத்த' (1977) படத்திலும் இதே நிலைதான். மலைநாட்டு வேதபாடசாலையில் நடக்கும் அக்கதையில் சிறுவர்களின் வேத ஓதலும் அவர்களது விளையாட்டுப் பேச்சும் அடுத்தடுத்து வருகின்றன. விதவையான யமுனாவுக்கு அவள் உயிரோடிருக்கும்போதே ஈமச்சடங்கு செய்யும் கொடுமை, அந்த ஓதலின் பின்னணியில்தான் முழுமையாக உறைக்கிறது. சண்டையும் பாட்டும் தாங்கிச் செல்லும் பெரும்படங்களுக்கு டப்பிங் பொருந்தலாம். இப்படங்களுக்கு அவற்றின் மொழியே உயிர்.

ஆகவே மூல ஒலியைத் தொடாமல், கீழே தமிழில் சப்டைட்டில் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. டிஜிட்டல் திரையிடலில் சப்டைட்டிலைத் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் படத்தில் கை வைக்காமலே வேறு மொழி வரிகளைச் சேர்க்க முடியும். கேரளத்தில் எம்சோன் என்னும் தன்னார்வக் குழுவினர் உலகப் படங்களுக்கு மலையாள சப்டைட்டில் எழுதி வருகிறார்கள். தன்னார்வலர்களால் முடிகிற ஒன்று, பொதுப்பணத்தில் நடக்கும் விழாவுக்கு முடியாது என்று நான் நம்பவில்லை. அரிபம் சியாம் சர்மாவின் மணிப்பூரிப் படமான 'இஷானு' (1990) புதுப்பிக்கப்பட்டு 2023இல் கான் விழாவில் காட்டப்பட்டபோது மகிழ்ந்தேன். அத்தகைய படத்தை மதுரையில் ஒருவர் தம் மொழியில் வரிகளை வாசித்தபடி பார்க்க வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன். மணிப்பூரியைத் தமிழர் அறிய இடையில் ஆங்கிலம் கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நாம் ஏன் இத்தனை காலம் ஏற்றுக்கொண்டோம்?

உங்கள் ஊரில் திரைப்படச் சங்கம் இருந்தால் அவர்களிடம் பேசுங்கள். இல்லையென்றால் ஒத்த மனமுடைய சிலர் சேர்ந்து தொடங்குங்கள். உரிமை வைத்திருப்பவரின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். முதல் படமாக 'எலிப்பத்தாய'த்தையே பரிந்துரைக்கிறேன்: பேச்சு குறைவு என்பதால் மொழிபெயர்ப்பு வேலையும் குறைவு. ஒரு திரைக்கு இரண்டு வரிகளுக்கு மேல் வைக்காதீர்கள். மெதுவாக வாசிப்பவரும் படித்து முடிக்கும் அளவுக்கு அவை திரையில் நிற்கட்டும்; எழுதிய வரிகளை உங்கள் தந்தையிடம் முதலில் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.